அஞ்சியவரின் சாட்சியம்

பசுமரத்தாணி போலப் பதிந்தது என்று நினைவைப் பற்றிச் சொல்வது தமிழ் வழக்கு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பது இன்னொரு வழக்கு. இவற்றுக்கு நேர் எதிரே நிற்பது, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழி. அஞ்சியவன் கண்டதை மறக்கமாட்டான் என்று முதலிரண்டும் சொல்ல, அஞ்சியவன் கண்டதை நம்பாதே என்று மூன்றாவது சொல்கிறது. பழமொழிகள் ஒன்றோடொன்று முரண்படுவது புதிதன்று. ஆனால் கொடுமைக்கு ஆளான ஒருவர் நம்முன் வந்து தமக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, இவற்றுள் நமக்கு வசதியானதைக் கையில் எடுத்துக்கொள்கிறோமே, அதுதான் கவலைக்குரியது. நம்ப விரும்பினால், "எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார், பொய்யாக இருக்க முடியுமா?" என்கிறோம். நம்ப விரும்பாவிட்டால், "இது நினைவிருக்கிறது, அது மட்டும் எப்படி மறந்தது?" என்கிறோம். இரண்டு வாதங்களும் பிழையானவை என்பதே இங்கு நாம் சொல்ல முற்படுவது. அதற்கு அறவுரை எதுவும் தேவையில்லை. அச்சவேளையில் உடலில் ஊறும் சுரப்புநீர்கள் நினைவை எவ்வாறு எழுதுகின்றன என்பதை அறிந்தாலே போதும்.

உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். 2018 செப்டம்பர் 27 அன்று அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழுவின் முன் கிறிஸ்டின் பிளாசி ஃபோர்டு சாட்சியம் அளித்தார். உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த பிரெட் கவனா, இருவரும் பள்ளிப் பருவத்தில் இருந்த 1980களின் தொடக்கத்தில், ஒரு வீட்டில் தம்மைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்த முயன்றார் என்பது அவர் கூற்று. கவனா அதை முற்றாக மறுத்தார். அந்த அறையில் இருவர் சிரித்த சிரிப்பொலி அழியாமல் நிற்கிறது என்றார் ஃபோர்டு. அந்த வீடு யாருடையது, அங்கிருந்து தம் வீட்டுக்கு எப்படித் திரும்பினார் என்பவை அவர் நினைவில் இல்லை. உளவியல் பேராசிரியரான அவர், அட்ரினலின் வகைச் சுரப்புநீர்கள் நினைவைப் பதிக்கும் விதத்தையும் செனட்டர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைத்தார். அக்டோபர் 6 அன்று 50க்கு 48 என்ற வாக்குகளில் கவனா நீதிபதியானார்.

அவ்விருவருள் யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பளிக்க நாம் யார்? நம் கருத்தில் தைப்பது வேறு. அவரை நம்பியோர் அந்தச் சிரிப்பொலியைச் சான்றாகக் காட்டினர். நம்பாதோர் வீடு திரும்பிய வழி மறந்ததைச் சான்றாகக் காட்டினர். ஒரே நினைவின் இரு முனைகளைப் பற்றிக்கொண்டு இரு தரப்பும் இழுத்தன. அந்த நினைவு ஏன் அப்படி ஒரு முனையில் கூர்மையாகவும் மறுமுனையில் மழுங்கியும் இருந்திருக்கக்கூடும் என்று கேட்டவர் குறைவு.

அச்சத்தைத் தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கண் புலப்படுவதே மெய்ப்பாடு. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அச்சம் தோன்றும் களங்கள் நான்கினையும் அவர் எண்ணிச் சொன்னார். இதைக் கொண்டு அவருக்குச் சுரப்புநீர்கள் தெரிந்திருந்தன என்று சொல்வோர் வரிசையில் நாம் சேர மாட்டோம். அச்சம் உடம்பின் செய்தி என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். அபாயத்தை உணர்ந்த நொடிகளில் அவற்றின் உட்பகுதி அட்ரினலினை இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சில நிமிடங்கள் கழித்து, மூளையின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஆணைப்படி, அச்சுரப்பிகளின் வெளிப்பகுதி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. இது உச்சத்தை எட்ட ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். கார்ட்டிசால் மூளைக்குள் எளிதில் நுழையும். அட்ரினலினுக்கு அந்த வாயில் பெரும்பாலும் அடைபட்டது. அது வேகஸ் நரம்பின் வழியே செய்தியை மட்டும் அனுப்ப, மூளைக்குள் நார் அட்ரினலின் பெருகுகிறது. இரு பாதைகளும் சென்று கூடும் இடம் அமிக்டலா, வாதுமைக் கொட்டையின் வடிவில் மூளையின் இரு பக்கமும் உள்ள சிறு பகுதி. அது தூண்டப்பட்டால், அருகிலுள்ள ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பிற பகுதிகளில் அப்போது பதிந்துகொண்டிருக்கும் நினைவு வலுப்பெறுகிறது.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது காலம். ஆணி அடித்த கணத்திலேயே இறுகிவிடுவதில்லை. மரம் சிறிது நேரம் பசுமையாகவே இருக்கிறது. நிகழ்வு முடிந்த பிறகும் நினைவு கெட்டிப்பட நேரம் எடுத்துக்கொள்கிறது. 1975இல் பால் கோல்டும் ரோடரிக் வான் பஸ்கிர்க்கும் எலிகளைக் கொண்டு இதைக் காட்டினர். ஓர் இடத்தில் மின்னதிர்ச்சி பெற்ற எலிக்கு, அதன் பின்னர் அட்ரினலின் ஊசி போட்டால் அவ்விடத்தைப் பற்றிய அச்சம் கூடுதல் வலுவோடு நிலைத்தது. நேரம் கடந்து போட்ட ஊசியால் பயனில்லை. அளவு மிகுந்தபோதோ நினைவு வலுப்பெறவில்லை, குலைந்தது. ஆக, அச்சம் எவ்வளவுக்கெவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கவ்வளவு நினைவு தெளிவு என்ற எளிய கணக்கு எலியிடத்திலேயே பொய்த்துப்போகிறது.

மனிதரிடம் இதைச் சோதித்த புகழ்பெற்ற ஆய்வு 1994இல் வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரப் பல்கலைக்கழகத்தில் லாரி கேஹில், ஜேம்ஸ் மெக்கா ஆகியோர் செய்தது. தந்தையைக் காண மருத்துவமனைக்குத் தாயோடு செல்லும் ஒரு சிறுவனின் கதையைப் படங்களோடு சொன்னார்கள். சிலருக்குச் சொன்ன கதையில் வழியில் எதுவும் நேரவில்லை. வேறு சிலருக்குச் சொன்ன கதையில் சிறுவன் கார் மோதிப் படுகாயம் அடைகிறான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, விபத்தைக் கேட்டவர்கள் கதையின் அந்தப் பகுதியை மற்றப் பகுதிகளைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் கதைக்கு முன் ப்ராப்ரனலால் மாத்திரை விழுங்கியவர்களுக்கு அந்தக் கூடுதல் நினைவு இல்லை. அட்ரினலின், நார் அட்ரினலின் ஆகியவற்றின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. இதய நோயாளிகள் பலர் அறிந்தது. விபத்தில்லாக் கதையின் நினைவில் அம்மருந்தால் குறைவு எதுவும் நேரவில்லை. துயரப் பகுதியை எடுத்துப்பிடித்தது கதையின் அழகு மட்டுமன்று, கேட்டவரின் சுரப்புநீரும்தான் என்பது இதனால் விளங்கும். கதை சொல்வதைத் தொழிலாகக் கொண்டோரும் கதை படிப்பதை வாழ்வாகக் கொண்டோரும் சற்று நின்று எண்ண வேண்டிய செய்தி.

இனி, எது பதிகிறது என்ற வினா. அச்சம் உடலில் ஒரு தடமும் அறிவில் வேறொரு தடமும் விடுகிறது, இரண்டும் ஒன்றல்ல. 1911இல் ஜெனிவாவின் மருத்துவர் எதுவார் கிளாபரேத், புதிய நினைவு எதையும் தக்கவைக்க இயலாத ஒரு நோயாளிப் பெண்ணோடு கைகுலுக்கும்போது தம் விரலிடையே மறைத்த ஊசியால் குத்தினார். பின்னர் அந்தப் பெண் கை கொடுக்க மறுத்தார். ஆனால் குத்தப்பட்டது அவர் நினைவில் இல்லை. 1995இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் இரு பக்கங்களையும் பிரித்துக் காட்டினர். ஒரு குறிப்பிட்ட நிறம் திரையில் தோன்றியதும் படகுச் சங்கின் பேரொலி எழும். அமிக்டலா சிதைந்த நோயாளி, எந்த நிறத்துக்குப் பின் ஒலி வந்தது என்று சரியாகச் சொன்னார். ஆனால் அந்த நிறத்தைக் கண்டு அவர் உடல் வியர்க்கவில்லை. ஹிப்போகாம்பஸ் சிதைந்தவரின் உடல் வியர்த்தது; எந்த நிறம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உடல் அறிந்ததை வாய் அறியாமலிருக்கவும், வாய் அறிந்ததை உடல் அறியாமலிருக்கவும் கூடும். அவர்கள் மூளை சிதைந்த நோயாளிகள் என்பது உண்மை. ஆயினும் நலமுள்ளோரிடத்தும் இவை இரு வேறு அமைப்புகளே. குறிப்பிட்ட ஒரு மணம் வந்தால் நடுங்குகிறேன், ஏன் என்று தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், அதில் நம்பமுடியாதது எதுவுமில்லை.

மேலும், அஞ்சியவரின் கவனம் குறுகுகிறது. மனக்கிளர்ச்சி கூடக்கூட, கவனத்தின் வட்டம் சுருங்கி மையத்தை மட்டும் பற்றுகிறது என்று 1959இலேயே ஈஸ்டர்புரூக் எழுதினார். கத்தியைக் காட்டி மிரட்டப்பட்டவர் கத்தியைப் பார்க்கிறார். பிடித்த கைக்கு மேலுள்ள முகத்தைப் பார்ப்பது குறைகிறது. கவனம் சென்ற இடத்தைத்தான் சுரப்புநீர் ஆழப் பதிக்க முடியும். பார்க்கப்படாத சுவரின் நிறத்தை அட்ரினலின் எங்கிருந்து கொண்டுவரும்? மையம் மலைபோல் தெரிவதும் விளிம்பு மூடுபனியாய் இருப்பதும் ஒரே செயலின் இரு விளைவுகள். விளிம்பு மறந்ததால் மையமும் பொய் என்று வாதிடுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னவை சாட்சியின் பக்கம் பேசுவன. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நினைவு வலுவாக இருப்பதும் சரியாக இருப்பதும் ஒன்றன்று.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறி ஏழு பேர் மாண்டனர். அச்செய்தியை எங்கே, எப்படி அறிந்தீர்கள் என்று மறுநாள் காலையிலேயே எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைஸர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களுள் 44 பேரிடம் அதே வினாக்களை மீண்டும் கேட்டார்கள். நான்கில் ஒருவரின் விடை முதல் விடையோடு எவ்விதத்திலும் பொருந்தவில்லை. ஆனால் பலரும் தம் நினைவில் உறுதியாக இருந்தார்கள். தம் கையெழுத்தையே எதிரில் வைத்துக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை.

அவர்கள் செய்தியைக் கேட்டவர்கள்தாமே, அபாயத்தில் சிக்கியவர்கள் அல்லரே என்று வாசகர் கேட்கலாம், முறையான கேள்விதான். 2004இல் சார்லஸ் மார்கனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை தருகிறது. எதிரியிடம் சிறைப்பட்டால் தாக்குப்பிடிக்கும் பயிற்சியில் இருந்த 500க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள், போலிச் சிறைமுகாமில் கடும் விசாரணைக்கும் மிதமான விசாரணைக்கும் உட்படுத்தப்பட்டனர். மிரட்டி, உடல்மீது கைவைத்து விசாரித்தவரின் முகம் அரைமணி நேரத்துக்கு மேல் கண்ணெதிரே இருந்தது. விடுவிக்கப்பட்ட மறுநாள் அந்த விசாரணையாளரை அடையாளம் காட்டச் சொன்னபோது, கடும் விசாரணைக்கு ஆளானோருள் பெரும் எண்ணிக்கையினர் தவறினர். மிதமான விசாரணை நடத்தியவரையே கூடுதலானோர் சரியாகக் காட்டினர். "அந்த முகத்தை எப்படி மறப்பேன்?" என்பது மனமறிந்த பொய்யன்று, ஆனாலும் அது பிழைபடக்கூடும். பிழையான அடையாளத்தால் சிறை சென்று, பல்லாண்டுகள் கழித்து டி.என்.ஏ. சோதனையால் மீண்டோர் அமெரிக்காவில் பலர். அவர்களை அடையாளம் காட்டியவர்கள் பொய்யர்கள் அல்லர் என்பதுதான் இதிலுள்ள துயரம்.

நினைவைப் பதிக்கும்போது உதவிய கார்ட்டிசால், அதை மீட்கும்போது பகையாகிறது. 1998இல் டொமினிக் டி குவெர்வேன் என்பவரும் மெக்கா உள்ளிட்ட அவர் துணைவர்களும், நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைக் கண்டறியப் பழகிய எலிகளுக்குச் சோதனைக்கு அரைமணி நேரம் முன்பு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பழகிய இடத்தை அவை தேடித் தடுமாறின. இரண்டு நிமிடங்களுக்கு முன் கொடுத்த அதிர்ச்சியும் நான்கு மணி நேரத்துக்கு முன் கொடுத்த அதிர்ச்சியும் அவ்வாறு செய்யவில்லை. இடையில் கார்ட்டிசாலுக்கு இணையான எலியின் சுரப்புநீர் உச்சத்தில் இருந்தபோதுதான் தடுமாற்றம். 2000இல் மனிதரிடமும் இத்தகைய முடிவு கிட்டியது. கல்லூரியில் பாடம் நடத்தும் நமக்கு இதை விளக்க எலி தேவையில்லை. வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் முன் வாயடைத்து நின்ற மாணவன், வெளியே வந்து மரத்தடியில் நின்றதும் விடையை வரிசையாகச் சொல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். தேர்வறைக்கே இப்படியென்றால் சாட்சிக்கூண்டுக்கு எப்படி இருக்கும்? தம்மைத் துன்புறுத்தியவர் எதிரில் நிற்க, குறுக்கு விசாரணை செய்பவர் குரலை உயர்த்த, அன்று மணி எத்தனை என்று கேட்டால், சொல்லத் தடுமாறுவது உடலின் இயல்பு.

இன்னும் ஒன்று. மீட்கப்பட்ட நினைவு மீண்டும் பசுமரமாகிறது. 2000இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாதர், ஜோசப் லெடூ ஆகியோர், பழைய அச்ச நினைவைக் கிளறிவிட்ட உடனே எலியின் அமிக்டலாவில் புரதம் உருவாவதைத் தடுத்தால் அந்த அச்சம் பின்னர் வெளிப்படுவதில்லை என்று காட்டினர். நினைவு, ஒவ்வொரு முறை எடுக்கப்படும்போதும் திருத்தத்துக்கு உள்ளாகக்கூடும் என்ற எண்ணத்துக்கு இது வலுச்சேர்த்தது. காவல் நிலையம், மருத்துவமனை, வழக்கறிஞர் அறை, செய்தியாளர் கூட்டம், நீதிமன்றம் என்று ஒருவரை ஐந்து இடங்களில் ஐந்து முறை சொல்ல வைத்துவிட்டு, ஐந்தாவது கூற்று முதற்கூற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று கேட்பது எவ்வகை நியாயம்?

நம் நாட்டு உச்ச நீதிமன்றம் இதை அறியாததன்று. 1983இல், குஜராத் மாநிலத்திலிருந்து வந்த பர்வாடா போகின்பாய் ஹிர்ஜிபாய் வழக்கின் தீர்ப்பில், சாட்சிக்குப் புகைப்படம் போன்ற நினைவு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாகாது என்றும், சிறு முரண்பாடுகளைப் பெரிதுபடுத்தலாகாது என்றும் சொன்னது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. நீதிமன்றம் வழக்கை ஏற்றுக்கொண்ட 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கலாகாது, இடையிடையே ஓய்வு தர வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பன அதில் உள்ளன. குழந்தைக்கு என்று கருணையால் வழங்கிய இவ்வேற்பாடுகள் உண்மையைக் கண்டறியும் வழிகளும் ஆகும் என்பது நம் துணிபு. கார்ட்டிசாலுக்கு வயது தெரியாது. நாற்பது வயதுப் பெண்ணுக்கும், கலவரத்தில் மகனை இழந்த கிழவனுக்கும், காவலில் அடிபட்ட தொழிலாளிக்கும் இவை ஏன் மறுக்கப்பட வேண்டும்? முதற்கூற்றை விரைவில், அமைதியான இடத்தில், குறுக்கிடாமல், அவர் சொல்லும் வரிசையிலேயே பதிவு செய்வது யாருக்கும் அநீதி ஆகாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அதுவே காப்பு. பின்னாளில் நினைவு வளர்ந்ததா, மாறியதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த முதற்கூற்றுதான் உண்டு.

இப்படிச் சொன்னால் எந்த ஓட்டையையும் சுரப்புநீரைக் காட்டி அடைத்துவிடலாமே என்று ஒரு மறுப்பு எழும். அடைக்க முடியாது. மேற்சொன்ன ஆய்வுகள் பலரின் சராசரியைப் பேசுவன. ஒரு தனிமனிதரின் ஒரு குறிப்பிட்ட மறதி அச்சத்தால் விளைந்ததா, கற்பனையால் விளைந்ததா என்று எந்த இரத்தச் சோதனையும் சொல்லாது. அறிவியல் இங்கே செய்வது, இரண்டு போலி அளவுகோல்களை நம் கையிலிருந்து பிடுங்குவதுதான். தெளிவு உண்மைக்குச் சான்றன்று. இடைவெளி பொய்க்குச் சான்றன்று. அவ்விரண்டும் போனபின் எஞ்சுவது தீர விசாரித்தல் என்னும் பழைய கடினமான வேலை. பிற சாட்சிகள், தடயங்கள், ஆவணங்கள், காலக் கணக்கு ஆகியவற்றைத் தேடி அலைய வேண்டும். சாட்சியின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்யும் சுகம் நமக்கு இல்லை.

இலக்கிய வாசகராகிய நமக்கும் இதில் பங்குண்டு. போரையும் சிறையையும் சாதிக் கொடுமையையும் கடந்து வந்தோர் எழுதும் தன்வரலாறுகள் நம் மேசைக்கு வரும்போது, கோவையாக இல்லை, காலவரிசை குழம்புகிறது, ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்று குறை எழுதுகிறோம். அல்லது, நுணுக்கங்கள் நிறைந்திருப்பதால் நம்பகமானது என்று பாராட்டுகிறோம். இரண்டும் சாட்சிக்கூண்டில் நிகழும் அதே பிழைகள். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து மீண்ட இத்தாலிய எழுத்தாளர் ப்ரீமோ லெவி, தம் மறைவுக்கு முந்தைய ஆண்டான 1986இல் வெளியிட்ட நூலின் முதல் இயலை நினைவின் நம்பகமின்மைக்கே ஒதுக்கினார். அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் நினைவு ஒரு வார்ப்புக்குள் இறுகி, மெருகேறி, பச்சையான முதல் நினைவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர் கண்டது. நரம்பியலாளரின் எலிகளுக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, தம்மையே கூர்ந்து நோக்கி அறிந்தார். அப்படி அறிந்திருந்தும் எழுதினார். நினைவை ஐயுறுவதும் சாட்சி சொல்வதும் அவரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

அந்த நேர்மையை எழுதுவோரிடம் மட்டும் எதிர்பார்த்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தம் கதையில் விட்டுப்போன பகுதிகளை விட்டுப்போனவையாகவே வைத்திருக்கும் நூல், அவற்றைக் கற்பனையால் நிரப்பி ஒழுங்காக்கிய நூலைவிடக் குறைவாகப் படிக்கப்படுகிறது என்றால், அடுத்து எழுத வருபவருக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? நிரப்பச் சொல்லித்தான் கொடுக்கிறோம். நிரப்பிய பிறகு, நிரப்பியது எது என்று அவருக்கே தெரியாமல் போகும். அஞ்சி நடுங்கிய ஒருவர் "இதற்கு மேல் எனக்கு நினைவில்லை" என்று சொல்லும்போது, அவ்விடத்தில் பேசாமல் காத்திருக்க நீதிமன்றங்கள் கற்றுக்கொள்ளட்டும். வாசகராகிய நாமும் கற்றுக்கொள்வோம்.